டிராயிங் போடும் கைக்கு எந்த மவுஸ்?

நாள் முழுக்க ஆட்டோகேடில் வேலை செய்யும் ஒருவரின் வலது கையைப் பக்கத்தில் நின்று ஐந்து நிமிடம் கவனித்துப் பாருங்கள். கோடு போடுவதைவிட டிராயிங்கை நகர்த்துவதும், கிட்டே இழுப்பதும், தள்ளிப் பார்ப்பதும்தான் அந்தக் கைக்கு அதிக வேலை. பிளானின் ஒரு மூலையில் டைமென்ஷன் போட்டுவிட்டு அடுத்த மூலைக்குப் போக, வீலை அழுத்திப் பிடித்தபடி மவுஸை இழுக்க வேண்டும். கணக்கு எழுதுபவரும் கடிதம் அடிப்பவரும் வீலை உருட்டுவதோடு சரி. அதை ஒரு பட்டனாக நினைத்து நாள் முழுவதும் அழுத்துகிறவர் டிராஃப்ட்ஸ்மேன்தான். அலுவலகத்துக்கு மொத்தமாக வாங்கிப் போடும் மவுஸ்கள் இந்த வேலையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. மாலையில் முன்கை கனக்கிறது, விரல் மரத்துப்போகிறது என்றால் காரணத்தை முதலில் இங்கேதான் தேட வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. பாலிடெக்னிக்கில் மினி டிராஃப்டர் மாட்டி வரைந்தவர்களுக்குத் தெரியும்: இடது கை அளவுகோலைப் பிடிக்கும், வலது கை பென்சிலை ஓட்டும். கணினியில் வரைவதும் இரண்டு கை வேலையாகவே தொடங்கியது. 1963-இல் ஐவன் சதர்லேண்ட் எம்ஐடியில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேடில் ஒரு கையில் ஒளிப்பேனா, மறு கைக்குப் பொத்தான் பெட்டி. 1968-இல் டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் மவுஸை உலகுக்குக் காட்டியபோது அவருடைய இடது கைக்கு ஐந்து விசைகள் கொண்ட தனிப் பலகை ஒன்று இருந்தது. அந்த இடது கையை நாம் மறந்துவிட்டோம். நல்ல மவுஸ் வாங்குவது பாதி தீர்வு. வலது கையின் சுமையில் ஒரு பங்கை இடது கைக்கு மாற்றுவது மீதிப் பாதி. இரண்டையும் வரிசையாகச் செய்யலாம்.

வலி எங்கே?

கடைக்குப் போவதற்கு முன் வலி எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். முன்கையின் மேல்புறம், முழங்கைக்குச் சற்றுக் கீழே வலித்தால், மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி விரல்களைப் பட்டன் மேல் தூக்கியே வைத்திருக்கிறீர்கள். மவுஸ் சிறியதாகவோ மேஜை உயரமாகவோ இருக்கும். கட்டைவிரலின் அடியில் வலித்தால் மவுஸின் பக்கத்தை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். சுண்டுவிரல் பக்கம் மரத்தால் முழங்கையோ மணிக்கட்டோ மேஜை விளிம்பில் அழுந்துகிறதா என்று பாருங்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்து, இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் கதை வேறு. மணிக்கட்டின் நடுவே போகும் மீடியன் நரம்பு அழுந்துவதன் அறிகுறி அது. அதற்கு எந்த மவுஸும் மருந்தில்லை. எலும்பு மருத்துவரையோ நரம்பு மருத்துவரையோ பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

செலவில்லாத மாற்றங்கள்

புது மவுஸ் வாங்கும் முன் மென்பொருளில் செய்ய வேண்டியவை சில உண்டு. ஆட்டோகேடில் ஜூம்ஃபேக்டர் என்ற ஒரு மாறி இருக்கிறது. 3 முதல் 100 வரை மதிப்பு கொடுக்கலாம். தொடக்கத்தில் 60 இருக்கும். அதை 80, 90 என்று உயர்த்தினால் வீலின் ஒரு சுற்றிலேயே பார்வை வெகுதூரம் போகும். நாள் முழுவதும் உருட்டும் விரலுக்கு இது பெரிய ஆறுதல்.

அடுத்தது பான். வீலை உருட்டும்போது கர்சர் நிற்கும் இடத்தை மையமாக வைத்துத்தான் ஜூம் ஆகிறது. எனவே வீலை அழுத்தி இழுப்பதற்குப் பதில், உருட்டித் தள்ளிப் போங்கள், போக வேண்டிய இடத்தில் கர்சரை வையுங்கள், உருட்டிக் கிட்டே வாருங்கள். அழுத்தாமலேயே இடம் மாறிவிட்டீர்கள். நீளமான ரோடு டிராயிங்கிலும் பெரிய சைட் பிளானிலும் இந்த ஒரு பழக்கம் ஆள்காட்டி விரலைக் காப்பாற்றும். முழு டிராயிங்கும் தெரிய வேண்டுமா? வீலை இரண்டு முறை டக்கென்று அழுத்தினால் போதும்.

ரைட் கிளிக்கை எண்டராக்கிக்கொள்ளுங்கள். ஆப்ஷன்ஸில் யூசர் பிரிஃபரன்சஸ், அதில் ரைட் கிளிக் கஸ்டமைசேஷன். நேரத்தைக் கொண்டு பிரித்தறியும் வசதி அங்கே இருக்கிறது: சட்டென்று கிளிக் செய்தால் எண்டர், சற்று அழுத்திப் பிடித்தால் மெனு. கால் நொடிதான் எல்லை, வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம். ஸ்பேஸ்பாரும் எண்டர்தான் என்பது தெரிந்திருந்தும் கீபோர்டின் வலது ஓரத்து எண்டருக்குக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் ஏராளம்.

கையை அளந்து வாங்குங்கள்

மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். கையை இயல்பாக மவுஸ் மேல் போட்டால் உள்ளங்கை அதன் முதுகில் படிய வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனி வீலைத் தாண்டியும் போகக் கூடாது, எட்டாமல் நீளவும் கூடாது. 16, 17 சென்டிமீட்டர் கைக்குப் பெரிய மவுஸைக் கொடுத்தால் விரல் நீட்டியே இருக்கும். 20 சென்டிமீட்டர் கைக்கு லேப்டாப்போடு வரும் குட்டி மவுஸைக் கொடுத்தால் உள்ளங்கை அந்தரத்தில் தொங்கி, விரல்கள் நண்டுக்கொடுக்குபோல் வளைந்து பிடிக்கும். ஒரே அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரே மவுஸ் என்பது எல்லாருக்கும் ஒரே அளவு செருப்பு வாங்கிக் கொடுப்பதுதான்.

எடையையும் கையில் தூக்கிப் பாருங்கள். மவுஸை அடிக்கடி தூக்கி வைக்கும் பழக்கம் உள்ளவருக்கு 100 கிராமுக்குக் கீழே இருப்பது நல்லது.

வீல் சோதனை

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். சென்னை ரிச்சி தெருவோ உங்கள் ஊர்க் கடையோ, எங்கே போனாலும் பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள். பிரித்துவைத்த ஒன்றைக் கையில் கேளுங்கள். கடை மேஜை கண்ணாடியாக இருந்தால் பெரும்பாலான சென்சார்கள் அதில் தடுமாறும். ஒரு தடித்த தாளையோ மவுஸ் பேடையோ கையோடு கொண்டுபோங்கள்.

முதலில் வீலை அழுத்துங்கள். லேசாக உள்ளே போய் ‘டிக்’ என்று நிற்க வேண்டும். அழுத்தும்போதே உருண்டுவிட்டால் பான் செய்யப் போகையில் ஜூமும் சேர்ந்து வரும்; அந்த மவுஸை வைத்துவிடுங்கள். பிறகு, அழுத்திப் பிடித்தபடியே மவுஸைப் பத்து நொடி மெதுவாக வட்டமாக ஓட்டுங்கள். விரல் நுனி வெளுத்துப்போனால் ஸ்பிரிங் கடினம் என்று பொருள். கடைசியாகச் சற்றுச் சாய்வாக அழுத்துங்கள். சில மவுஸ்களில் வீல் இடமும் வலமும் சாயும். எக்செல் ஷீட்டைப் பக்கவாட்டில் ஓட்ட அது வசதி. டிராயிங்குக்கு அது தொல்லை. நடுவில் அழுத்தியதாக நாம் நினைப்போம், அது சாய்ந்து நிற்கும்.

வழுக்கிக்கொண்டு சுற்றும் வீலைவிட, படிப்படியாகத் தடுத்துத் தடுத்து உருளும் வீலே நமக்கு நல்லது. ஒரு படிக்கு எவ்வளவு ஜூம் ஆகும் என்பது விரலுக்குப் பழகிவிடும்.

வீலை அழுத்தவே வேண்டாம், நடுவில் முழு அளவு பட்டன் வேண்டும் என்பவர்களுக்கு 3டிகனெக்‌ஷன் நிறுவனத்தின் கேட்மவுஸ் இருக்கிறது. இடம், நடு, வலம் என மூன்று பட்டன்கள், வீல் தனி. டெக்லாவில் கன்ட்ரோலோடும், ரெவிட்டில் ஷிஃப்டோடும் நடுப் பட்டனை அழுத்தி மாடலைச் சுழற்றுகிறோம். சாலிட்வொர்க்ஸில் நடுப் பட்டன் மட்டும் போதும். அந்த வேலையை நாள் முழுவதும் செய்கிறவருக்கு அதன் விலை தகும். 2டி மட்டும் போடுபவர் அவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை. பக்கவாட்டில் இரண்டு பட்டன் உள்ள சாதாரண கேமிங் மவுஸை வாங்கி, அவற்றில் ஒன்றை மிடில் பட்டனாக மாற்றிக்கொண்டால் போதும். அப்போது பான் செய்வது கட்டைவிரலின் வேலையாகிவிடும். மாற்றிய பின், அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரை பான் தொடர்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரலில் ஏற்கெனவே வலி உள்ளவருக்கு இந்த வழி வேண்டாம்.

டிபிஐ எண்ணைக் காட்டி விற்பவரிடம் மயங்க வேண்டாம். 1,920 புள்ளி அகலத் திரையை 800 டிபிஐயில் கடக்கக் கை ஆறு சென்டிமீட்டர் நகர வேண்டும், 1,600-இல் மூன்று. அதே அளவுத் திரைகள் இரண்டு அருகருகே இருந்தால் தூரம் இரட்டிப்பாகும். ஒரு திரைக்கு 800 முதல் 1,200, இரண்டு திரைக்கோ 4கே திரைக்கோ 1,600 பக்கம் வைத்துப் பாருங்கள். பத்தாயிரத்துக்கு மேல் போகும் எண்கள் நம் வேலைக்கு எதற்கும் உதவா. வயருள்ளதா இல்லாததா என்பது அவரவர் விருப்பம். வயர்லெஸ் என்றால், அதன் ரிசீவரை யூஎஸ்பி 3 போர்ட்டுக்குப் பக்கத்தில் செருகினால் இடையூறு வந்து கர்சர் திக்கும். ஒரு சிறு நீட்டிப்புக் கேபிளில் மாட்டி மேஜை மேல் வைத்தால் சரியாகிவிடும்.

செங்குத்து மவுஸும் டிராக்பாலும்

கைகுலுக்கும் வாக்கில் பிடிக்கும் செங்குத்து மவுஸ் முன்கை முறுக்கிக்கொண்டு இருப்பதைக் குறைக்கும். லாஜிடெக்கின் எம்எக்ஸ் வெர்டிகல், லிஃப்ட் இரண்டும் 57 டிகிரி சாய்வு கொண்டவை; லிஃப்ட் சிறிய கைக்கு ஏற்றது, இடதுகைக்காரருக்கும் தனியாகக் கிடைக்கிறது. குறை என்னவென்றால், கிளிக் செய்யும் விசை பக்கவாட்டில் போவதால் மவுஸ் ஒரு நூல் நகரும். ஓஸ்நாப் போட்டிருந்தால் எண்ட் பாயிண்ட் தப்பாது. ஆனால் நெருக்கமான ஹேட்ச் நடுவே ஒரு கோட்டைத் தேர்ந்தெடுக்கும்போது எரிச்சலூட்டும். முன்கை வலி உள்ளவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பேன். வலி இல்லாதவர் இதற்கு மாற வேண்டியதில்லை.

டிராக்பாலில் பந்தைக் கட்டைவிரலால் உருட்டும் வகை டிராயிங்குக்கு உகந்ததல்ல என்பது என் கருத்து. எல்லாச் சுமையும் ஒரே விரலில் இறங்கிவிடும். கென்சிங்டன் எக்ஸ்பர்ட் மவுஸ்போல் பெரிய பந்தை இரண்டு மூன்று விரல்களால் உருட்டும் வகை நல்லது. கிளிக் செய்யும்போது கர்சர் அசையவே அசையாது. அதில் அழுத்தும் வீல் கிடையாது. நான்கு பட்டன்களில் ஒன்றை மிடில் பட்டனாக்கிக்கொள்ள வேண்டும். பேனா டேப்லெட் ஸ்கெட்ச் போடவும் டிராயிங்கில் திருத்தம் குறிக்கவும் சரி, முழுநேர டிராஃப்டிங்குக்கு வேண்டாம்.

இடது கைக்கு வேலை கொடுங்கள்

ஆட்டோகேடின் சுருக்க எழுத்துகளில் பல இடது கை எட்டும் இடத்திலேயே இருக்கின்றன: சர்க்கிளுக்கு சி, டிரிம்முக்கு டிஆர், எக்ஸ்டெண்டுக்கு இஎக்ஸ், ஃபில்லட்டுக்கு எஃப், இரேஸுக்கு இ. லைனின் எல், மூவின் எம், ஆஃப்செட்டின் ஓ போன்றவை வலது பக்கம் கிடக்கின்றன. ஒவ்வொரு முறையும் மவுஸை விட்டுவிட்டு வலது கை அங்கே ஓடுகிறது, அல்லது இடது கை கீபோர்டைக் குறுக்கே கடக்கிறது. மேனேஜ் டேபில் எடிட் ஏலியாசஸ் திறந்து, இவற்றுக்கு இடது பக்கத்து இரட்டை எழுத்துகளைக் கொடுங்கள். அந்த எழுத்துகள் வேறு கமாண்டுக்கு ஏற்கெனவே இல்லை என்று பார்த்துக்கொண்டு கொடுங்கள். பிறகு ரீஇனிட் அடித்தால் அமலுக்கு வந்துவிடும்.

அளவு எண்கள்தான் மிச்சம். 230, 1200, 2100 என்று நாள் முழுவதும் எண் அடிக்கிற நமக்கு நம்பர் பேட் கீபோர்டின் வலது கோடியில் இருக்கிறது. இதனால் இரண்டு கெடுதல்: எண் அடிக்க மவுஸை விட வேண்டும், நம்பர் பேட் அடைத்துக்கொள்ளும் எட்டொன்பது சென்டிமீட்டர் இடத்தால் மவுஸ் உடம்பைவிட்டு விலகிப் போய், தோள் வெளிப்பக்கம் இழுபடுகிறது. நம்பர் பேட் இல்லாத கீபோர்டு ஒன்றும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தனி நம்பர் பேட் ஒன்றும் வாங்கி, நம்பர் பேடை இடது பக்கம் வையுங்கள். சில வாரத்தில் இடது கை பழகிவிடும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

3டி வேலைக்கு இடது கையில் ஸ்பேஸ்மவுஸ் வைக்கலாம். ஒரு குமிழைத் தள்ளி, தூக்கி, திருகி மாடலை ஆறு விதமாக நகர்த்தலாம். ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையம் ரோபோ கைகளை இயக்கச் செய்த ஆராய்ச்சியில் பிறந்த கருவி அது. 2டி பிளான் போடுபவருக்கு அதனால் பலன் குறைவு.

மேஜையும் ஒரு கருவி

நாமே டிராயிங்கில் 750 மி.மீ. என்று போடுகிற மேஜை உயரம், ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ளவருக்கு அதிகம். தோளைத் தளர்த்தி உட்கார்ந்தால் முழங்கை மேஜை மட்டத்துக்கு வர வேண்டும். அதற்கு நாற்காலியை ஏற்றுங்கள். கால் தொங்கினால் அடியில் ஒரு பலகை போடுங்கள். முன்கையில் பாதியாவது மேஜை மேல் கிடக்கட்டும். மணிக்கட்டை மட்டும் ஊன்றி, அதை வைத்தே மவுஸைத் திருப்பாதீர்கள்.

புதுக் கருவிக்கு மாறும்போது, நாளை காலை சப்மிஷன் என்றிருக்கும் நாளில் தொடங்காதீர்கள். முதல் வாரம் காலையில் புதியது, மதியத்துக்கு மேல் பழையது என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். இரண்டு வாரம் கழித்தும் கைக்குப் பழகவில்லை என்றால் அது உங்களுக்கானது அல்ல. பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள், வாங்கும்போதே மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள்.

அலுவலகம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மென்பொருள் உரிமத்துக்கு ஆண்டுதோறும் கட்டும் பணத்தில் ஒரு சிறு துளிதான் ஒரு நல்ல மவுஸும் தனி நம்பர் பேடும். மொத்தமாக ஒரே மாதிரி வாங்கிப் போடாமல், புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் அந்தத் தொகையைக் கொடுத்து, அவர் கைக்கு ஏற்றதை அவரே பார்த்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.