கற்பனை நாட்டின் கடவுள்

சென்ற பாடத்தின் இறுதியில், இல்லாத நாடு ஒன்றைப் படைத்து அதில் நிகழும் கதை ஒன்றை எழுதுமாறு பயிற்சி தரப்பட்டிருந்தது. அத்தகைய கதை எழுதும் மாணவர் நாட்டுக்கு அழகிய பெயர் வைப்பர், வரைபடம் வரைவர், அரசனையும் படையையும் அமைப்பர். அந்நாட்டு மக்கள் யாரை வணங்கினர் என்னும் இடம் வந்தால் மட்டும், "அவர்கள் நெருப்புக் கடவுளை வணங்கினர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவர். ஏன் நெருப்பை வணங்கினர், அதனிடம் என்ன வேண்டினர், வேண்டியது கிடைக்காதபோது என்ன செய்தனர் என்பன எழுதப்படுவதில்லை. இப்பாடத்தில் அந்த ஒரு வரியை விரித்து எழுதும் முறையைக் காண்போம்.

கற்பனைச் சமயத்தை எவரும் ஒன்றுமில்லாமையிலிருந்து படைப்பதில்லை. உலகில் மக்கள் வணங்கிய, வணங்கிவரும் தெய்வங்களிலிருந்தே எழுத்தாளர் எடுத்துக்கொள்கின்றனர். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் டோல்கீன், 1937-ஆம் ஆண்டில் 'தி ஹாபிட்' என்னும் கதையை வெளியிட்டார். அதில் வரும் குள்ளர்களின் பெயர்கள் பலவற்றையும், கேண்டால்ஃப் என்னும் மந்திரக் கிழவரின் பெயரையும் பழைய நார்ஸ் மொழிப் பாடல் ஒன்றிலிருந்து அவர் எடுத்தார். அப்பாடலில் கேண்டால்ஃப் என்பது ஒரு குள்ளனின் பெயரே. கோலுடைய மாயவன் என்பது போன்ற பொருள் அப்பெயருக்கு உண்டு. குள்ளன் கையில் கோல் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மந்திரவாதி பிறந்துவிடுவார்.

அகன்ற தொப்பியும் கையில் கோலுமாக ஊர் ஊராய் அலையும் அக்கிழவரின் தோற்றத்தில், நார்ஸ் மக்கள் வணங்கிய ஓடின் என்னும் தெய்வத்தின் சாயலையும் காணலாம். ஓடினும் மாறுவேடத்தில் முதியவராய் அலைந்தவரே. ஆயினும் ஓடின் போர்க் கடவுள், வஞ்சனைக்கு அஞ்சாதவர். கேண்டால்ஃபோ எளியவர்க்குத் துணை நிற்பவர். தோற்றத்தை எடுத்துக்கொண்டு குணத்தை மாற்றியமைத்தார் டோல்கீன். இதனால் எவர் மனமும் புண்படவில்லை. ஓடினை வணங்கிய மக்கள் கிறித்தவராகிப் பல நூற்றாண்டுகள் கடந்திருந்தன.

இன்றும் மக்கள் வணங்கும் சமயத்திலிருந்து எடுக்கும்போது நிலைமை வேறு. உங்களுள் பலர் தொலைக்காட்சியில் கண்டிருக்கும் 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரை எண்ணிப் பாருங்கள். ஆங் என்னும் சிறுவன் பல விளையாட்டுப் பொருள்களுக்கிடையே நான்கை மட்டும் தேர்ந்தெடுக்கிறான். அவை முற்பிறவிகளில் அவனுடையவை. ஆதலால் அவனே அவதார் என்று பெரியோர் அறிகின்றனர். இக்காட்சி திபெத்திய பௌத்த மரபை நினைவூட்டுவது. 1935-இல் பிறந்த பதினான்காம் தலாய் லாமாவின் முன், அவர் இரண்டு வயதுக் குழந்தையாயிருந்தபோது, மறைந்த தலாய் லாமாவின் பொருள்களையும் அவற்றைப் போன்ற வேறு பொருள்களையும் வைத்தனர். குழந்தை முன்னவரின் பொருள்களையே எடுத்துக்கொண்டது. 1959-இல் நாடு நீங்கி இந்தியாவுக்கு வந்த அம்மக்களின் பிள்ளைகள் நம் நாட்டுப் பள்ளிகளில் படிக்கின்றனர். அவர்களுள் ஒருவர் உங்கள் பக்கத்தில் அமர்ந்து அத்தொடரைப் பார்த்தால் வெட்கப்படாமல் பார்க்க முடியுமா? முடியும் என்றே நான் கருதுகிறேன். அக்காட்சியில் கேலி இல்லை. சிறு குழந்தையின் தோளில் பெரும் பொறுப்பு ஏறும் துயரம் அதில் இருக்கிறது.

நான் முன்பு பணியாற்றிய வடகிழக்கு நகரம் ஒன்றில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதிய கதையை வகுப்பில் உரக்கப் படிக்கச் செய்தேன். அரக்கர் நாட்டுக் கடவுளை அவன் வருணித்திருந்தான். முறுக்கிய மீசை, உருட்டு விழிகள், ஓங்கிய அரிவாள், காலடியில் நாய், வாயில் சுருட்டு. அக்கடவுள் வழிப்போக்கரைக் கொன்று தின்பாராம். வருணனை நன்றாயிருந்ததால் பாராட்டினேன். மாணவர் சிரித்தனர். கடைசி வரிசையில் ஒரு மாணவி மட்டும் தலை கவிழ்ந்திருந்தாள். வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "ஐயா, அவர் எங்கள் குலசாமி. கருப்பசாமி. ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நாள் தொடர்வண்டியில் போய் அவரைக் கும்பிட்டு வருகிறோம். அவர் யாரையும் தின்னமாட்டார்" என்றாள்.

அம்மாணவன் தீங்கு நினைத்தவன் அல்லன். தன் தாத்தா வீட்டுக்குச் செல்லும் வழியில் கண்ட சிலையை நினைவிலிருந்து எழுதியிருக்கிறான். அந்த அரிவாள் எதற்கு என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. தமிழாசிரியனாகிய நானும் கவனிக்கவில்லை. அதுவே பெரிய பிழை.

மறுநாள் இருவரையும் அருகருகே அமர்த்தி, அவளைச் சொல்லச் சொன்னேன். ஊர் எல்லையில் நின்று இரவெல்லாம் காவல் புரிபவர் அவர் என்றாள். களவு போனால் அவரிடம்தான் முறையிடுவர் என்றாள். நான் அழகர்கோயில் செய்தியைச் சேர்த்துக் கூறினேன். மதுரைக்கு அருகிலுள்ள அக்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பருக்கு மூடிய கதவே வடிவம். அக்கதவுக்கே சந்தனம் சாத்தி வழிபடுவர். வழக்குடையோர் அதன் முன் நின்று சத்தியம் செய்வதும் உண்டு. பொய்ச் சத்தியம் செய்ய எவரும் அஞ்சுவர். அழகரின் ஆற்றலைக் கவர்ந்து செல்ல மலையாள நாட்டிலிருந்து வந்த மந்திரவாதியருடன் வந்தவரே, பின்னர் அழகருக்குக் காவலராகிவிட்டார் என்பது அவரைப் பற்றிய கதை. எதிரியோடு வந்தவர் காவலராவதா! எத்தகைய கதைக்கரு நம் கண்ணெதிரே கிடக்கிறது, பாருங்கள்.

அவன் கதையை மாற்றி எழுதினான். மீசையையும் அரிவாளையும் நீக்கிவிட்டான். புதிய கதையில் நாட்டின் எல்லையில் ஒரு தனிக் கதவு நின்றது. சுவர் இல்லை, கதவு மட்டுமே. பொய் சொன்னவர் அதைத் தொட்டால் தம் ஊருக்குச் செல்லும் வழி அவர்களுக்கு மறந்துவிடும். கருப்பசாமியின் உருவம் அதில் எங்கும் இல்லை. ஆயினும் அம்மாணவி படித்துவிட்டு, "இவருக்குக் குதிரை இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். அவன் கதவருகே ஒரு குதிரையைக் கட்டிவைத்தான்.

உருவத்தைக் கடன் வாங்குவது எளிது. அவ்வுருவத்திடம் மக்கள் எதை வேண்டினர் என்பதைக் கேட்டறிவதே கடினம். தொல்காப்பியத்தைப் பாருங்கள். காடு சார்ந்த முல்லைக்கு மாயோன், மலை சார்ந்த குறிஞ்சிக்குச் சேயோன், வயல் சார்ந்த மருதத்துக்கு வேந்தன், கடல் சார்ந்த நெய்தலுக்கு வருணன் என்று அந்நூல் கூறும். பாலைக்குத் தெய்வம் அதில் கூறப்படவில்லை. பிற்காலத்தாரே கொற்றவையைக் கூறினர். உழவன் மழையை எதிர்பார்ப்பான். பரதவன் கடலுக்கு அஞ்சுவான். நிலமும் தொழிலும் அச்சமும் தெரிந்த பின்னரே தெய்வம் தெளிவாகும். உங்கள் கற்பனை நாட்டில் ஆறு மாதம் பனி பெய்யுமாயின், அம்மக்கள் நெருப்பை ஏன் வணங்கினர் என்பதற்கு விடை கிடைத்துவிடுகிறது. அடுப்பு அணைந்த வீட்டுக்கு அண்டை வீட்டார் நெருப்புக் கொடுக்க மறுத்தால் அது எத்தகைய பாவம் என்று எழுதத் தொடங்குங்கள். ஒரு வரி, ஓர் அத்தியாயமாகும்.

அருஞ்சொற்பொருள்

பரதவன் – நெய்தல் நில மீனவன்
கதைக்கரு – கதையின் அடிப்படைச் செய்தி
வஞ்சனை – சூழ்ச்சி

பயிற்சி

1. கேண்டால்ஃப் என்னும் பாத்திரத்தைப் படைக்க டோல்கீன் எதை எடுத்துக்கொண்டார்? எதை மாற்றினார்?

2. மாணவி தலை கவிழ்ந்திருந்ததன் காரணத்தை உம் சொற்களில் ஐந்து வரிகளில் எழுதுக.

3. உங்கள் சொந்த ஊரில் பெரியோர் சென்று வழிபடும் இடம் ஒன்றைப் பற்றி வீட்டாரிடம் அல்லது தொலைபேசியில் பாட்டியிடம் கேட்டு எழுதுக. அது குலதெய்வக் கோயிலாகவோ, தேவாலயமாகவோ, தர்காவாகவோ இருக்கலாம். அங்குச் செல்வோர் என்ன வேண்டுகின்றனர்? வேண்டியது நிறைவேறினால் என்ன செய்கின்றனர்?

4. மேற்கண்ட விடையில் உள்ள பெயரையும் உருவத்தையும் நீக்கிவிட்டு, அவ்வேண்டுதலை மட்டும் வைத்துக் கற்பனை நாட்டுக்கு ஒரு தெய்வத்தைப் படைத்து இரண்டு பத்தி எழுதுக. எழுதியதை முதலில் பாட்டியிடம் படித்துக் காட்டுக.