காரியின் ஊர் ஒரு நாள், கல்வராயன் மலை ஒரு நாள்

கேள்வி: மாட்ரிட்டில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் குடும்பத்தோடு பொங்கலுக்கு வருகிறான். ரோண்டா என்ற பழைய ஊரையும் அருகிலுள்ள கிராசலேமா மலைப் பூங்காவையும் பார்த்துவிட்டு வந்தவன், "நம்ம பக்கம் இப்படி ஏதாவது இருக்கா மாமா?" என்று கேட்டான். கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். வழியில் பார்க்கிற மாதிரி ஒரு பழைய கோயில் சொல்லுங்கள். இரண்டு நாள்தான் இருக்கிறது. மூட்டுவலிக்கார அம்மாவும் வருகிறார்.
— ஒரு வாசகர், மூங்கில்துறைப்பட்டு

பதில்: 'வழியில்' என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்குச் சம்மதமில்லை. மலை உங்களுக்கு மேற்கே. நான் சொல்லப்போகும் திருக்கோவிலூர் கிழக்கே. இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டுமே மனதில் நிற்காது. முதல் நாளை முழுசாக ஊருக்குக் கொடுங்கள். ரோண்டாவில் எல்லோரும் படமெடுக்கும் பாலம் 1793இல் கட்டி முடித்தது. திருக்கோவிலூர் சங்கப் பாடல்களிலேயே கோவலூராக வருகிறது, மலையமான் திருமுடிக்காரியின் ஊராக.

காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். உங்கள் ஊர்ச் சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் சமயம், கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டினால் நகர முடியாதென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோயில் நடையும் நடுப்பகலில் சாத்திவிடுவார்கள். முதலில் உலகளந்த பெருமாள். அண்ணாந்து பார்க்க வைக்கும் மூலவர், தூக்கிய திருவடி. பொய்கை, பூதம், பேய் என்ற முதல் மூன்று ஆழ்வார்களும் ஒரு மழை இரவில் இந்த ஊர் இடைகழியில்தான் சந்தித்தார்களாம். ஒருவர் படுக்க, இருவர் இருக்க, மூவர் நிற்க இடமிருந்த அந்தக் கதையைக் குழந்தைகளுக்கு அங்கேயே நின்று சொல்லுங்கள்.

அடுத்து கீழையூர் வீரட்டேசுவரர். அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று, அந்தகாசுரனை அழித்த இடம் என்பார்கள். எனக்கு அதைவிட முக்கியம் அங்குள்ள கல்வெட்டுகள். ராஜராஜ சோழனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்துப் பெண். சுந்தர சோழனோடு அவள் உயிர் விட்டதை இங்கே கல்லில் பொறித்திருக்கிறார்கள். பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியும் இந்தக் கோயில் கல்வெட்டில் உண்டு. கோயிலுக்குப் பக்கத்தில் பெண்ணையாற்றில் தனியாக நிற்கும் பாறையைக் 'கபிலர் குன்று' என்கிறார்கள். உச்சியில் சின்னதாக ஒரு கோயில், கீழே மணல். அம்மா கரையிலிருந்தே பார்க்கலாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணை நீரோடு வந்த வெள்ளத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஓடினால் யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம்.

ஆற்றுக்கு அக்கரையில் பாறைமேல் இருப்பது அரகண்டநல்லூர்க் கோயில். 1896இல் வீட்டைவிட்டுக் கிளம்பிய வேங்கடராமன் என்ற பையன், பின்னாளைய ரமணர், அண்ணாமலைக்குப் போகும் வழியில் இங்கே வந்து சேர்ந்தார். கையில் காசில்லாமல் கீழையூரில் கடுக்கனை அடகு வைத்துவிட்டு, இந்த ஊரில்தான் ரயிலேறினார். நேரமில்லையென்றால் இதை விட்டுவிடலாம்.

விடக்கூடாதது ஜம்பை. திரும்பும்போது மணலூர்பேட்டைப் பக்கம் விசாரித்துப் போங்கள். குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரி. அசோகர் தம் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளரோடு சேர்த்துச் சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் மல்லுக்கட்டினார்கள். 1981இல் தெரியவந்த இந்த வரி, அதியமான் நெடுமான் அஞ்சியையே அந்தப் பெயரால் அழைக்கிறது. கோவலூரை அதியமான் வென்றான் என்று பாடல்கள் சொல்வதை நம்பாதவர்களை இங்கே கூட்டிவந்து நிறுத்தலாம். பாறையில் ஏற வேண்டியிருக்கும், அம்மா காரிலேயே இருக்கட்டும்.

மறுநாள் மலை. கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலை, கரியாலூர். மேகம், பெரியார் என்று அருவிகள் பல உண்டு. ஆனால் தை பிறந்தால் தண்ணீர் மெலிந்துவிடும், ஐப்பசி கார்த்திகைப் பாய்ச்சலை எதிர்பார்க்காதீர்கள். அருவிக்காகவே போகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள். சாமைக் கொல்லை, மரவள்ளி, கடுக்காய் மரம், மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள், அவற்றைப் பார்க்கப் போங்கள். சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சி இங்கே நடந்தது. நாடு விடுதலையாகி ஏறத்தாழ முப்பது வருடம் கழித்து, 1976இல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. சாராயச் செய்தி வரும்போது மட்டும் இந்த மலையின் பெயரைச் சொல்கிறார்கள் என்பது எனக்கு மனக்குறை.

கிராசலேமாவில் சில காட்டுப் பாதைகளுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான் நடக்க முடியும் என்பது உங்கள் மருமகனுக்குத் தெரிந்திருக்கும். இங்கேயும் தார்ச்சாலையை விட்டுக் காப்புக்காட்டுக்குள் இறங்குவதானால் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே மலையிறங்கிவிடுவது நல்லது.

தை 5 வரை அவர்கள் ஊரிலிருந்தால் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவுக்குக் கூட்டிப்போங்கள். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு வருவார். ஜம்பையை மட்டும் அன்றைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கூட்டத்தில் கார் நுழையாது.