ஒரே ஆலையை நம்பிய ஊர்: லோவெல் நகரம் தரும் பாடம்



ஆலைச் சங்கு ஊதினால்தான் நம் கல்லா நிறையும் என்றிருக்கும் ஊர்கள் பல. அந்தச் சங்கு நின்றால் ஊர் என்னாகும், மீண்டும் எப்படி எழும் என்பதை அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள லோவெல் நகரம் காட்டுகிறது.

1820களில் பாஸ்டன் வணிகர்கள் மெரிமாக் ஆற்று நீர்வீழ்ச்சியின் விசையைக் கால்வாய்களில் திருப்பி அங்கே பஞ்சாலைகளை நிறுவினர். 1920-ல் மக்கள் தொகை 1,12,000-ஐத் தாண்டியது. பின்னர் கூலி குறைந்த தென் மாநிலங்களுக்குத் தொழில் நகர்ந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. பெயர்பெற்ற பூட் ஆலையும் 1955-ல் நின்றது.

1978-ல் அரசு, ஆலைகளையும் கால்வாய்களையும் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்கியது. இடிக்காமல் காத்த கட்டடங்கள் வீடுகளாகவும் அலுவலகங்களாகவும் மாறின. பூட் ஆலை அருங்காட்சியகமாயிற்று.

இதற்கிடையே வாங் என்னும் கணினி நிறுவனம் வந்தது. ஊர் மறுபடியும் ஒரே தூணில் சாய்ந்தது. 1992-ல் அந்நிறுவனம் திவாலானது. சுமார் 6 கோடி டாலரில் கட்டிய அதன் கோபுரக் கட்டடங்கள் 1994-ல் வெறும் 5,25,000 டாலருக்கு ஏலம் போயின!

ஆயினும் ஊர் விழவில்லை. பல்கலைக்கழகம் இருந்தது, சுற்றுலா இருந்தது. 1980களில் அகதிகளாக வந்த கம்போடிய மக்கள் மளிகைக் கடைகளும் உணவகங்களும் திறந்து கடைவீதிக்கு உயிர் கொடுத்தனர். 2020-ல் மக்கள் தொகை 1,15,000-ஐத் தாண்டி, 1920-ஐயும் மிஞ்சியது.

நம் அனுபவத்தையும் சொல்கிறோம். எங்கள் ஊர் ஆலை மூடியபோது, நம்மிடம் சரக்கெடுத்த மளிகைக்காரர் ஒருவர் பேரேட்டுடன் வந்து நின்றார். பற்றுக் கணக்கில் பாதிக்கு மேல் ஆலைத் தொழிலாளர் பெயர்கள். கூலியே வராதவர்களிடம் எப்படி வசூலிப்பது? அவர் கடையை மூடினார். தவறு அவருடையது மட்டுமல்ல. விற்பனை வேகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்காமல் கடனுக்குச் சரக்கு அனுப்பியவர்கள் நாம்தான்.

ஆகவே மாதக் கடைசியில் ஒரு வேலை செய்யுங்கள். நிலுவையை ஆள்வாரியாக மட்டும் கூட்டாதீர்கள். அந்தப் பணம் எந்த இடத்துச் சம்பளத்திலிருந்து வருகிறது என்றும் பிரித்துக் கூட்டுங்கள். ஒரே இடம் பாதியைத் தாண்டினால், புதுப் பற்றுக்கு வரம்பு வையுங்கள்; வேறு வாடிக்கையைத் தேடுங்கள். தொழிலாளிக்கு அரிசி மறுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நாளை அவருக்குக் கஷ்டம் வரும்போது கடை திறந்திருந்தால்தான் நாம் உதவ முடியும்.