47 திருகுகள் தரும் பாடம்

10ஆம் வகுப்பில் விசையின் திருப்புத்திறனைக் கற்பிக்கும்போது கதவையும் சீசா பலகையையும் எடுத்துக்காட்டாகக் கூறுகிறோம். விமானத்தின் வாலும் அதே விதிப்படிதான் இயங்குகிறது. வால்பகுதிப் பராமரிப்பில் நேர்ந்த தவறால் விழுந்த ஒரு விமானத்தின் வரலாறு, அறிவியலோடு வேலை ஒழுங்கையும் சேர்த்துக் கற்பிக்க உதவும்.

நிகழ்வு

1991 செப்டம்பர் 11. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், லரேடோவிலிருந்து ஹூஸ்டனுக்குக் காண்டினென்டல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் எம்ப்ரேயர் 120 என்ற சிறிய விமானம் வந்துகொண்டிருந்தது. தரையிறங்குவதற்காக உயரத்தைக் குறைத்து வரும்போது, கிடைமட்ட வால் இறக்கையின் இடப்பக்க முன்விளிம்பு பிய்ந்து போனது. விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்து, ஈகிள் லேக் அருகே விழுந்தது. அதிலிருந்த 14 பேரும் உயிரிழந்தனர்.

முந்தைய இரவு, வால் இறக்கையின் முன்விளிம்பில் உள்ள, பனிக்கட்டியை அகற்றும் ரப்பர் உறைகளை மாற்றும் பணி நடந்தது. வேலையைச் சரிபார்க்க வேண்டிய ஆய்வாளர் ஒருவரே உதவிக்காக மேலே ஏறி, இடப்பக்கத்தின் மேற்புறத்திலிருந்த 47 திருகுகளைக் கழற்றினார். பிறகு ஷிப்ட் மாறியது. அடுத்து வந்தவர்கள் வலப்பக்க வேலையை முடித்தனர். இடப்பக்கத் திருகுகள் கழற்றப்பட்ட செய்தி அவர்களிடம் முறையாகப் போய்ச் சேரவில்லை. பணி அட்டையிலும் அது பதிவாகவில்லை. எம்ப்ரேயர் 120இன் வால் இறக்கை உயரத்தில் இருப்பதால், தரையில் நின்று பார்த்த விமானிகளுக்கும் அதன் மேற்புறம் தெரிய வாய்ப்பில்லை. காலையில் விமானம் பறக்க அனுமதிக்கப்பட்டது. முதல் பயணம் விபத்தின்றி முடிந்தது. அடுத்த பயணத்தில் இந்த விபத்து நேர்ந்தது.

செயல்பாடு 1: நாணயச் சமநிலை

30 செ.மீ. அளவுகோலின் நடுவில், 15 செ.மீ. குறியின் கீழ், ஒரு பென்சிலை வைக்கவும். ஒரு பக்கம் 5 செ.மீ. தொலைவில் இரண்டு நாணயங்களும், மறுபக்கம் 10 செ.மீ. தொலைவில் அதே வகை நாணயம் ஒன்றும் வைத்தால் அளவுகோல் சமநிலையில் நிற்கும் (2 × 5 = 1 × 10). பென்சில் இறக்கையின் தூக்குவிசை, இரண்டு நாணயங்கள் விமானத்தின் எடை, தனி நாணயம் வால் கீழ்நோக்கித் தரும் விசை என்று விளக்கவும். இப்போது தனி நாணயத்தை எடுத்துவிடச் சொல்லவும். எந்தப் பக்கம் சாய்கிறது? விமானத்தின் மூக்கு ஏன் கீழே போனது என்பதை மாணவர்களே கூறுவார்கள்.

செயல்பாடு 2: பணி ஒப்படைப்பு

கையெழுத்து இதழுக்கான 12 தாள்களை வரிசைப்படுத்தி நூலால் கட்டும் வேலையை ஒரு குழுவிடம் தரவும். பாதியில் நிறுத்தி, திருத்துவதற்கென்று இரண்டு தாள்களை எடுத்துத் தனியே வைக்கச் சொல்லவும். அக்குழு எதுவும் பேசாமல் வெளியேற, மற்றொரு குழு வேலையை முடிக்கட்டும். தாள்களைப் பின்னர் எண்ணிப் பார்க்கவும்.

மறுமுறை ஒப்படைப்புச் சீட்டுடன் செய்யவும். சீட்டில் நான்கு கட்டங்கள் போதும்: முடிந்தது, முடியாதது, கழற்றி வைத்தது, சரிபார்த்தவர். சரிபார்ப்பவர் அந்த வேலையில் கைவைக்காத மாணவராக இருக்க வேண்டும்.

கலந்துரையாடல் வினாக்கள்

1. இந்த விபத்தை எந்தெந்த இடங்களில் தடுத்திருக்கலாம்?
2. உதவி செய்த ஆய்வாளரின் நல்ல எண்ணம் ஏன் போதவில்லை?
3. வாய்மொழித் தகவலைவிட எழுத்துப் பதிவு எவ்வகையில் மேலானது?

ஆசிரியர் கவனத்திற்கு

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பராமரிப்பு, ஆய்வுப் பணியாளர்கள் நடைமுறைகளைப் பின்பற்றாததைக் காரணமாகக் கூறியது. வாரிய உறுப்பினர் ஜான் லாபர் மட்டும் மாற்றுக் கருத்து எழுதினார். நடைமுறைகளைப் பின்பற்றும் பண்பாட்டை நிர்வாகம் உருவாக்கத் தவறியதையும் காரணமாகச் சேர்க்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இது நம் வகுப்பறைக்கும் பொருந்தும். “பாதிதான் முடிந்தது” என்று சொல்லும் மாணவனைக் கடிந்துகொண்டால், அடுத்த முறை அவன் “முடிந்துவிட்டது” என்றே சொல்வான். நாளை அவன் பேருந்துப் பணிமனையிலோ மருத்துவமனையிலோ மின்வாரியத்திலோ வேலை செய்யக்கூடும். எனவே, முடியாத வேலையை முடியவில்லை என்று எழுதித் தரும் மாணவனுக்கு மதிப்பீட்டில் ஒரு மதிப்பெண் ஒதுக்கலாம். ஆய்வகப் பதிவேட்டிலிருந்தே இதைத் தொடங்கலாம்.