அரசியல் சனல் சோறு போடுமா?

கேள்வி: வன்னியில் இருந்துகொண்டு அரசியலும் சமூகமும் பேசும் யூரியூப் சனலை முழுநேரத் தொழிலாக்கலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: ஆக்கலாம். ஆனால் தொடக்க வருடங்களில் கைவசம் வேறொரு வருமானம் வேண்டும். நீண்ட காணொளிகளுக்கு விளம்பரப் பங்கு கிடைக்கவே 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் தேவை.

செய்திக்கு இங்கே பஞ்சமில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில் 2023 யூனில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டிய மண்ணில் மனித எலும்புகளும் உடைகளும் வெளிப்பட்டன. இப்படியான இடங்களில் உள்ளூர்க் கமெரா நிற்பதே பெரிய காரியம்.

அதற்கான விலையும் உண்டு. முல்லைத்தீவு ஊடகவியலாளர் கணபதிப்பிள்ளை குமணன், சக ஊடகவியலாளர் சண்முகம் தவசீலனுடன் 2020 ஒக்ரோபரில் சட்டவிரோத மரம் வெட்டலைப் பதிவுசெய்யப் போய்த் தாக்கப்பட்டார். யாழ்ப்பாணத்தின் செம்மணிப் புதைகுழி அகழ்வைப் படம்பிடித்துவந்த அவரை, 2025 ஓகஸ்டில் பயங்கரவாத விசாரணைப் பிரிவு அளம்பிலில் உள்ள தன் அலுவலகத்துக்கு அழைத்து மணிக்கணக்கில் விசாரித்தது. 2024 முதல், இணையத்தில் பொய்க் கூற்றுகளைப் பரப்புவதைக் குற்றமாக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. சரிபார்க்காத தகவலை ஏற்றுவது ஆபத்து.

உதவி செய்வதாகச் சொல்லி ஏழைப் பிள்ளைகளின் முகத்தைக் காட்டிப் பார்வை சேர்க்கும் வழி மட்டும் வேண்டாம். அது ஊடகத்தொழில் அல்ல.

எடுத்த மூலப்பதிவுகளைத் திகதியோடு சேமியுங்கள்; ஒரு பிரதி நம்பிக்கையான இன்னொருவரிடமும் இருக்கட்டும்.