எல்லையும் சொல்லும்

நுழையும் முன்

ஒரு துறையின் நூல்களைப் பழுதறக் கற்றவர் அறிஞர். அத்துறையில் பிறர் கேளாது கடந்த வினாவைக் கேட்டு, அதற்குரிய விடையைச் சான்றுடன் நிறுவுபவர் ஆய்வாளர். அவ்விடையை உலகம் உடனே ஏற்கும் என்பதற்கு உறுதி இல்லை. விண்மீன்களை ஆராய்ந்த இயற்பியலாளர் ஒருவர், அரசாணைகளை ஆராய்ந்த சட்ட அறிஞர் ஒருவர் ஆகிய இருவரின் ஆய்வு வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது. முன்னவர் கண்டது ஓர் எல்லை. பின்னவர் படைத்தது ஒரு சொல்.

கப்பலில் பிறந்த கணக்கு

1930ஆம் ஆண்டு சூலைத் திங்களின் இறுதியில் பம்பாயிலிருந்து புறப்பட்ட கப்பலில் 19 வயது இளைஞர் ஒருவர் பயணம் செய்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொள்ளச் சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர். தமக்கு வழிகாட்டியாக அமையவிருந்த பேராசிரியர் ஃபௌலரின் ஆய்வுக் கருத்துகளைக் கப்பலில் அவர் மீண்டும் எண்ணிப் பார்த்தார்.

எரிபொருள் உள்ளவரை விண்மீன் ஒளிரும். வெளிநோக்கித் தள்ளும் அழுத்தமும் உள்நோக்கி இழுக்கும் ஈர்ப்பும் ஒன்றையொன்று சமன் செய்து நிற்கும். எரிபொருள் தீர்ந்தபின் ஈர்ப்பின் கை ஓங்கும், விண்மீன் சுருங்கும். எதுவரை சுருங்கும் என்பதே அக்கால வானியலாளர் முன் நின்ற வினா. சிரியஸ் விண்மீனின் துணை, சூரியனின் நிறைக்கு நெருங்கிய நிறையைப் புவியை ஒத்த சிற்றளவுக்குள் அடக்கியிருப்பது முன்னரே தெரிந்திருந்தது. இத்தகையவை வெண்குறு விண்மீன்கள் எனப்பட்டன. எலக்ட்ரான்கள் ஒரு கட்டத்திற்கு மேல் நெருக்குதலுக்கு இடங்கொடாமல் எதிர்த்து நிற்கின்றன என்னும் குவாண்டம் விதியே அவற்றைத் தாங்குகிறது என 1926இல் ஃபௌலர் விளக்கினார். எல்லா விண்மீன்களும் இவ்வாறே அமைதியாக முடிவெய்தும் என்னும் நம்பிக்கைக்கு அவ்விளக்கம் இடமளித்தது.

சந்திரசேகர் கேட்ட வினா எளிமையானது. அவ்வளவு நெருக்கத்தில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை அண்மிய வேகத்தில் இயங்கும். அவ்வாறாயின் ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டாவா? சேர்த்துப் பார்த்தபோது வந்த விடை அவரையே வியப்பில் ஆழ்த்தியது. குறிப்பிட்ட ஒரு நிறையைக் கடந்த விண்மீனை எலக்ட்ரான்களின் எதிர்ப்பால் தாங்க இயலாது; அது வெண்குறு விண்மீனாக அமைதியுறாது. அவ்வெல்லை சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என இன்று கொள்ளப்படுகிறது. ஏறக்குறைய அதே காலத்தில் எட்மண்ட் ஸ்டோனர் என்னும் ஆங்கிலேய இயற்பியலாளரும் இத்தகைய எல்லை ஒன்றைத் தனியே கண்டறிந்திருந்தார். கருத்தொன்று முதிரும் காலத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் உள்ளத்தில் தோன்றுவது ஆய்வுலகில் புதிதன்று.

அவையில் எழுந்த நகைப்பு

1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் இலண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டம் நடைபெற்றது. சந்திரசேகர் தம் முடிவுகளைப் படைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது விண்மீன் ஒளி வளைவதை அளந்து ஐன்ஸ்டீன் கோட்பாட்டிற்குச் சான்று தந்தவர். விண்மீன்களின் உள்ளமைப்பை ஆராய்வதில் அக்காலத்தில் தலைமை இடம் பெற்றவர். சந்திரசேகரின் ஆய்வு வளர்ந்த விதத்தை உடனிருந்து அறிந்தவரும்கூட.

அத்தகையவர் இளைஞரின் முடிவை அவையறிய எள்ளினார். சந்திரசேகர் சொல்வது மெய்யாயின் விண்மீன் சுருங்கிச் சுருங்கி, ஒளியும் வெளியேற இயலாத நிலையை அடைய வேண்டும். அத்தகைய பொருளற்ற செயலைத் தடுக்க இயற்கையில் ஏதேனும் ஒரு விதி இருந்தே தீரும் என்பது அவர் வாதம். அவை நகைத்தது. இங்கே ஒன்று கருதத்தக்கது. எடிங்டன் பொருளற்றது எனத் தள்ளியது இன்று கருந்துளை என வழங்கும் பொருளையே. கணக்கு எங்கே கொண்டுசெல்லும் என்பதை அவையிலிருந்த எவரினும் தெளிவாக அவர் கண்டார். கண்டதை நம்ப மறுத்தார்.

பவுலி முதலிய இயற்பியலாளர் சிலர் சந்திரசேகர் பக்கமே நியாயம் உள்ளது எனத் தனிப்பட்ட முறையில் ஒப்பினர். ஆயினும் எடிங்டனுக்கு எதிராக வெளிப்படையாகப் பேச அவர்கள் முன்வரவில்லை. அவ்வமைதி எள்ளலினும் கொடியது எனலாம். சந்திரசேகர் 1937இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். 1939இல் விண்மீன்களின் கட்டமைப்பைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டுத் தம் முடிவுகளை அதில் முறையாகப் பதிவு செய்தார். பின்னர் வேறு ஆய்வுப் பொருளுக்குச் சென்றுவிட்டார்.

பெயரில்லாக் குற்றம்

அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் மற்றோர் ஆய்வும் கேட்பாரற்றுக் கிடந்தது. அதன் களம் பன்னாட்டுச் சட்டம். அதனை மேற்கொண்டவர் 1900இல் பிறந்த போலந்து நாட்டு யூதரான இரஃபேல் லெம்கின்.

1921இல் ஆர்மீனிய இளைஞர் ஒருவர், தம் இனத்தாரின் பேரழிவுக்குக் காரணமானவர் எனக் கருதிய துருக்கியின் முன்னாள் அமைச்சர் தலாத் பாஷாவைப் பெர்லின் தெருவில் சுட்டுக் கொன்றார். இவ்வழக்கு லெம்கினின் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்பியது. ஒருவரைக் கொன்றவரை நீதிமன்றத்தில் நிறுத்தும் சட்டம், ஓர் இனத்தையே அழிக்க ஆணையிட்டவரை ஏன் நிறுத்துவதில்லை? தம் பேராசிரியர் அளித்த விடையை லெம்கின் தன்வரலாற்றில் குறித்துள்ளார். உழவர் ஒருவர் தம் கோழிகளைக் கொன்றால் அதனைக் கேட்க அயலாருக்கு உரிமை இல்லை. அரசின் இறையாண்மையும் அத்தகையது என்பதே அவ்விடை. மனிதர் கோழிகள் அல்லர் என்னும் மறுப்பு மாணவருக்குத் தோன்றியது. அம்மறுப்பைச் சட்டமாக்குவதற்கே அவர் வாழ்நாள் செலவாயிற்று.

1933இல் மாட்ரிட் நகரில் கூடிய பன்னாட்டுக் குற்றவியல் மாநாட்டிற்கு அவர் ஓர் அறிக்கை அனுப்பினார். மக்கள் குழுக்களை அழிப்பதையும் அவர்களின் பண்பாட்டுச் செல்வங்களை அழிப்பதையும் உலகக் குற்றங்களாக அறிவிக்க வேண்டும் என அதில் கோரினார். அறிக்கை சென்றது, அவர் செல்லவில்லை, கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1939இல் செருமானியப் படை போலந்தில் நுழைந்தபோது லெம்கின் தப்பிச் சுவீடன் சென்றார்.

அங்கு அவர் மேற்கொண்ட பணி ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. கைப்பற்றிய நாடுகளில் செருமானியர் பிறப்பித்த ஆணைகளையும் அரசிதழ்களையும் அவர் திரட்டலானார். அவை மறைபொருள்கள் அல்ல. ஆட்சியாளரே அச்சிட்டு வெளியிட்டவை. தனித்தனியே படிப்பவருக்கு அவை அலுவலகத் தாள்கள். ஒன்றில் மக்கள் இனவாரியாகப் பதிவு செய்யப்பட்டனர். ஒன்றில் உடைமை பறிக்கப்பட்டது. ஒன்றில் உணவுப் பங்கீடு இனத்திற்கேற்பக் குறைந்தது. அனைத்தையும் அடுக்கி வைத்துப் படித்தபோது அவற்றின் ஊடே ஒரே திட்டம் இழையோடுவது புலப்பட்டது.

1941இல் அமெரிக்கா சேர்ந்த லெம்கின், அவ்வாணைகளைத் தொகுத்து 1944இல் 600 பக்கங்களைக் கடந்த நூலாக வெளியிட்டார். அதன் ஓர் இயலில் கிரேக்கச் சொல் ஒன்றையும் இலத்தீன் சொல் ஒன்றையும் இணைத்துப் புதிய சொல்லொன்றைப் படைத்தார். இனத்தைக் குறிக்கும் ‘ஜீனோஸ்’, கொலையைக் குறிக்கும் ‘சைட்’ ஆகியவை இணைந்த ‘ஜீனோசைட்’ என்பதே அது. இனப்படுகொலை எனத் தமிழில் நாம் வழங்கும் சொல்லும் அவ்விரு பொருளையே தாங்கி நிற்கிறது.

ஒரே கல்விநிலையம், இருவேறு கருத்து

நியூரம்பெர்க் நகரில் 1945இல் தொடங்கிய விசாரணையின் குற்றச்சாட்டு அறிக்கையில் அச்சொல் இடம்பெற்றது. 1946இல் வந்த தீர்ப்பில் இல்லை. தம் பெற்றோர் உள்ளிட்ட உறவினர் 49 பேரைப் பறிகொடுத்திருந்த லெம்கினுக்கு அது பேரிடியாயிற்று.

அச்சொல்லை ஐயுற்றவருள் ஹெர்ஷ் லாட்டர்பாக்ட் குறிப்பிடத்தக்கவர். இன்று உக்ரைனில் உள்ள ல்விவ் நகரப் பல்கலைக்கழகத்தில் லெம்கினைப் போலவே சட்டம் பயின்றவர். கேம்பிரிட்ஜில் பன்னாட்டுச் சட்டப் பேராசிரியர். அவரும் இப்போரில் தம் குடும்பத்தாரை இழந்தவர். சட்டம் காக்க வேண்டியது தனிமனிதரையே என்றும், குழுவை முன்னிறுத்தினால் தனிமனிதர் மறைந்துவிடுவர் என்றும் அவர் கருதினார். மானுடத்திற்கு எதிரான குற்றம் என்னும் கருத்து நியூரம்பெர்க் சாசனத்தில் இடம்பெற அவர் துணைநின்றார். ஒரே துயரிலிருந்து இருவர் இருவேறு முடிவுக்கு வந்தனர். இவ்விவாதத்தில் இருவருக்கும் நியாயம் உண்டு. 1998இல் உரோமில் உருவான பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றச் சட்டம் இரண்டையும் குற்றங்களாக ஏற்றுக்கொண்டது.

லெம்கின் ஓயவில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் பேராளர்களைத் தேடித்தேடிச் சந்தித்தார். 1948 திசம்பர் 9ஆம் நாள் பாரிசில் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை நிறைவேறியது. 1959இல் நியூயார்க்கில் அவர் மறைந்தபோது இறுதிச் சடங்கிற்கு வந்தோர் மிகச் சிலரே.

சான்று வந்த காலம்

இயற்பியலில் ஒரு கூற்றின் மெய்ம்மையை இயற்கையே உரைக்க வேண்டும். 1967இல் ஜோசலின் பெல் என்னும் ஆய்வு மாணவியின் பதிவுகளில், சீரான இடைவெளியில் துடிக்கும் வானொலி அலைகள் தென்பட்டன. அவை நியூட்ரான் விண்மீன்களிலிருந்து வருபவை என்பது விரைவில் தெளிவாயிற்று. விண்மீன்களுக்கு வெண்குறு நிலையினும் சுருங்கிய முடிவு உண்டு என்பது அதனால் உறுதிப்பட்டது. சந்திரசேகருக்கு 1983இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சட்டத்திற்கு அத்தகைய தொலைநோக்கி இல்லை. அரசுகள் ஒப்ப வேண்டும். நீதிபதிகள் அதனை எடுத்தாள வேண்டும். உருவாண்டா நாட்டின் 1994ஆம் ஆண்டுக் கொலைகளை விசாரித்த பன்னாட்டு நீதிமன்றம், 1998 செப்டம்பர் 2ஆம் நாள் அந்நாட்டின் முன்னாள் நகரத் தலைவர் ஒருவரை இனப்படுகொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. அவ்வுடன்படிக்கையின்படி பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று வழங்கிய முதல் தீர்ப்பு அதுவே. லெம்கினின் சொல் பிறந்து அப்போது 54 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சந்திரசேகர் எடிங்டனோடு கொண்ட நட்பை இறுதிவரை முறித்துக்கொள்ளவில்லை. எடிங்டனின் நூற்றாண்டையொட்டி 1982இல் கேம்பிரிட்ஜில் உரையாற்ற அழைக்கப்பட்டவர் அவரே. தம் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என எடிங்டனை அவர் அங்கே போற்றினார். 1935ஆம் ஆண்டின் கருத்து மாறுபாட்டையும் மறைக்காமல் எடுத்துரைத்தார்.