மஞ்சட்கருவின் பொருளும் பயனும்

முட்டையை அறியாதார் எவருமிலர். ஆயின் அதன் உட்பொருளை முற்றும் அறிந்து பயன்படுத்துவோர் சிலரேயாவர். திருத்தணி வட்டாரத்துப் பள்ளிகளில் மதிய உணவு வேளையில், பிள்ளைகள் சிலர் வெண்கருவை மட்டும் உண்டு, மஞ்சட்கருவைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவதை நாம் காண்கிறோம். ஒதுக்கப்படும் அப்பொருளின் தன்மையை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்துகொள்ளுதல் நலம்.

பெயரும் பொருளும்

'கரு' என்னும் சொல்லைக் கொண்டு, மஞ்சட் பகுதியே குஞ்சாக மாறுகிறது எனப் பலர் எண்ணுகின்றனர். நமது எல்லையோரக் கிராமங்களில் தெலுங்கு பேசுவோர் இதனைப் 'பச்ச சொன' என்பர். மஞ்சள் நிறச் சாறு என்பது அதன் கருத்து. இப்பெயரே உண்மைக்கு அண்மையானது. உயிர்க்கரு தோன்றுவது மஞ்சளின் மேற்பரப்பிலுள்ள சிறு வெண்புள்ளியில்தான். சேவலுடன் சேராத பேட்டின் முட்டையில் அது வளர்வதில்லை. மஞ்சட்கருவோ, குஞ்சுக்கெனத் தாய்க்கோழி கட்டி வைத்த கட்டுச்சோறாகும். 21 நாட்கள் அடைகாத்தபின் குஞ்சு வெளிவருமுன், எஞ்சிய மஞ்சளைத் தன் வயிற்றினுள் ஈர்த்துக்கொள்கிறது. அதனாலேயே ஒரு நாட் குஞ்சுகளைத் தொலைவூர்களுக்கு அனுப்ப முடிகிறது. எனினும், வந்து சேர்ந்தவுடன் தண்ணீரும் தீவனமும் அளித்தல் வேண்டும்.

அடங்கிய சத்துக்கள்

50 கிராம் முட்டையில் மஞ்சட்கரு ஏறத்தாழ 15 கிராம் இருக்கும். எடைக்கு எடை நோக்கின், வெண்கருவைவிட இதில் புரதம் மிகுதி. முட்டையின் கொழுப்பு ஏறக்குறைய முழுவதும், ஏ, டி, ஈ வைட்டமின்களும் இதிலேயே உள்ளன. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் நோய் உண்டாகும். முட்டையில் வைட்டமின் சி இல்லை. கீரை, கொய்யா, நெல்லிக்கனி ஆகியவை அக்குறையை நீக்கும்.

பயன்படுத்தும் முறை

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு, நன்கு வெந்த மஞ்சட்கருவைச் சோற்றுடன் மசித்துச் சிறிது சிறிதாக ஊட்டலாம். நெடுநேரம் வேகவைத்தால் மஞ்சளைச் சுற்றிப் பசுமை வளையம் தோன்றும், அது தீங்கற்றது. வெந்தவுடன் குளிர்ந்த நீரிலிட்டால் வளையம் பெரிதும் குறையும். இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தோர் மருத்துவரின் அறிவுரைப்படி உண்க.

கோழி வளர்ப்போர் கவனத்திற்கு

மஞ்சளின் நிறம் தீவனத்தைப் பொறுத்தது. மஞ்சள் மக்காச்சோளமும் பசுங்கீரையும் தின்னும் கோழியின் முட்டையில் நிறம் ஆழ்ந்திருக்கும். நிறம் ஒன்றே சத்துக்கு அளவுகோலாகாது. உடைத்து ஊற்றும்போது மஞ்சள் குவிந்து நிற்பது புதுமுட்டை. பரந்து தட்டையாவது பழமுட்டை.

நமது கடமை

1982-இல் விரிவாக்கப்பெற்ற சத்துணவுத் திட்டத்தில் 1989-இல் முட்டை சேர்க்கப்பட்டது. 2010 முதல் வாரம் ஐந்து முட்டைகள் வழங்கப்படுகின்றன. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் உண்டு. முருகன் மலையடிவாரத்தில் புலால் தவிர்ப்போரின் நெறியை மதித்தல் நம் கடன். ஆயின் முட்டை உண்ணும் பிள்ளை அதன் சிறந்த பகுதியை எறிந்துவிடுமாயின், அரசு செலவிட்ட பணமும் கோழி சேர்த்த சத்தும் குப்பையையே சேரும். ஆகவே உறுப்பினர்கள் உணவு வேளையில் பள்ளிக்குச் சென்று, தட்டில் எஞ்சுவது யாதென நோக்குவார்களாக. தாய்மார்களுக்கும் இதனை எடுத்துரைப்பார்களாக.